அக்கா சொல்லி வைத்த வார்த்தை

அக்காவுக்கு ஒரு பழக்கம். யாருக்காவது ஏதாவது தேவை என்று காதில் விழுந்துவிட்டால், அதை உரிய ஆளிடம் சொல்லி வைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. மாடி வீட்டுக்காரருக்கு நல்ல பல் டாக்டர் வேண்டுமா, வேன் டிரைவரின் மச்சினிக்கு வேலை வேண்டுமா, எதிர்க்கடைக்காரர் மகளுக்கு மாப்பிள்ளை வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஓர் ஆள் இருந்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்பாள். சொல்லியும் விடுவாள். பாதி காரியம் நடந்துவிடும். நடக்காத பாதியை அவள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அவளும் அவள் தம்பியும் சேர்ந்து பள்ளிக்கூடப் பை தைக்கும் கம்பெனி ஒன்று நடத்தினார்கள். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே நீளமான ஒரு கூடம், சுவரோரமாக இரண்டு வரிசைத் தையல் மெஷின்கள், நடுவில் துணி வெட்டும் மேசை, மூலையில் கொதித்துக்கொண்டே இருக்கும் டீ கெட்டில். மாடியில் தம்பியின் ஆபீஸ். தம்பி ஆர்டர் பிடிப்பான், சாமான் வாங்குவான். அக்கா கூடத்தைப் பார்த்துக்கொள்வாள்.

கூடத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் குறை கேட்பது. அங்கே வேலை செய்தவர்களுக்கு வாய் ஓயாது. ஃபேன் காற்று தன் பக்கம் வரவில்லை என்பார் ஒருவர். வருகிற காற்றில் கழுத்து பிடித்துக்கொண்டது என்பார் பக்கத்தில் இருப்பவர். நூல் மட்டம், டீ தண்ணி, பாத்ரூம் தாழ்ப்பாள் விழவில்லை, நேற்று லேட்டாக விட்டீர்கள், இன்று சீக்கிரம் போகணும். ஜன்னலோர மெஷின்காரி இதற்கெல்லாம் தலைவி. பேச ஆரம்பித்தால் சட்டம், நியாயம் என்று இழுப்பாள். அக்கா அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. வக்கீலுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. பல பள்ளிகளுக்கு மொத்தமாகச் சாமான் வாங்கிக் கொடுக்கிற கம்பெனி அது. பை பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். உங்களிடமோ, உங்களுக்குச் சாமான் கொடுப்பவர்களிடமோ யாரையாவது விருப்பமில்லாமல் பிடித்து வைத்து வேலை வாங்குகிறார்களா என்று நீங்களே நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள், அதன் பிறகுதான் ஆர்டர் என்றார்கள்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "நம்மகிட்டயா? அடிமையா? அக்கா, வக்கீல் உன்னைத்தான் அடிமையா வச்சிருக்கா. அதை வேணா சொல்லிடலாமா?"

"சும்மா இருடா. கேட்டா பார்த்துத்தானே சொல்லணும்."

பார்க்க வேண்டிய இடம் அதிகமில்லை. துணியும் ஜிப்பும் பெரிய மில்களிலிருந்து வந்தன. அவர்களுக்குத் தம்பி கேள்வி எழுதி அனுப்பினான். மீதி இருந்தது பையைத் தோளில் மாட்டும் பட்டை மட்டும்தான். அதை ஊருக்கு வெளியே ஷெட் போட்டிருந்த ஒரு கான்ட்ராக்டர் தைத்துக் கொடுத்தார். அவருக்குக் கம்பெனியில் பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் அந்த மனுஷனின் பதில் அதுதான். நீல நூல் வேண்டாம், கறுப்பு நூலில் மாற்றித் தைத்து நாளைக்குக் காலையில் வேணும் என்றால், ஆகட்டும். ஆர்டர் இரட்டிப்பாகிவிட்டது, தேதி மட்டும் அதேதான் என்றால், அதற்கும் ஆகட்டும். முகம் கோணாது. தம்பிக்கு அவர் மேல் கொள்ளை ஆசை. "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்பான்.

அக்கா பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கிக்கொண்டு வேனில் போய் இறங்கினாள். ஆகட்டும் வாசலிலேயே நின்று வரவேற்றார். வெள்ளைச் சட்டை, மலர்ந்த முகம். உள் கேட்டின் பூட்டைத் திறந்துகொண்டே, "திருட்டு பயம் மேடம், பொம்பளைங்க இருக்கிற இடம் பாருங்க" என்றார். நியாயம்தானே என்று அக்காவுக்குத் தோன்றியது.

உள்ளே பெருக்கித் துடைத்த தரை. மெஷின்கள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். அக்கா ஒவ்வொருவராகப் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். சாப்பாடு எப்படி? நல்லா இருக்குங்க. தூங்க இடம்? நல்லா இருக்குங்க. ஏதாவது குறை உண்டா? ஒரு குறையும் இல்லீங்க. ஃபேன் ஓடாத வரிசையில் உட்கார்ந்து வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டிருந்தவளும் அதையேதான் சொன்னாள். அக்காவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அடடா, இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களே, நமக்கு வாய்த்ததைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கை கழுவ ஷெட்டின் பின்பக்கத் தொட்டிக்குப் போனாள். புருவத்தில் தழும்புள்ள ஒரு பெண் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு குழாயை இன்னும் திறந்துவிட்டாள். தண்ணீர் வாளியில் தடதடவென்று விழுந்தது.

"அக்கா, உங்க போன்ல ஒரே ஒரு தடவை பேசிக்கட்டுமா? என் பையன் என் தங்கச்சிகிட்ட இருக்கான். நான் இருக்கேனா இல்லையான்னுகூட அவனுக்குத் தெரியாது."

அக்காவுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பையில் துழாவினாள். போன் வேனில் சார்ஜில் கிடந்தது. "ஐயோ, வண்டியில இருக்கேம்மா. உன் போன் எங்க?"

"வாங்கி வச்சிருக்காங்க."

"அவ்வளவுதானே? நீ ஏன் கலங்குற? உங்க ஓனர் தங்கமான மனுஷன். நான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"வேண்டாம்கா. சொல்லாதீங்க." அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்தாள். ஈரக் கை. "சொல்லிடாதீங்கக்கா."

கூச்சப்படுகிறாள் என்று அக்கா நினைத்தாள். எத்தனை பேரைப் பார்த்தவள் அவள்! வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரியம் நடந்ததும் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பார்கள். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

கிளம்பும்போது ஆகட்டும் கேட் வரைக்கும் கூடவே வந்தார். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். "எல்லாம் ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தப் புருவத்துல தழும்பு இருக்கே, அந்தப் பொண்ணு பையன்கிட்ட பேசணுமாம். பாவம், அழுவுது. அந்த போனைக் கொஞ்சம் குடுத்துடுங்களேன், எனக்காக."

அவர் முகம் மலர்ந்தே இருந்தது. "அதுக்கென்ன மேடம். ஆகட்டும்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஷெட் வாசலில் வாளியோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். நடந்த பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அக்கா அவளுக்குக் கையை ஆட்டிக் காட்டினாள், ஆச்சு, சொல்லிட்டேன் என்று. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

கம்பெனிக்குத் திரும்பியதும் கூடத்தில் ஒரே பிரசங்கம். "போய்ப் பாருங்கடி அங்க! ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஒரு குறை சொன்னாளா? ஃபேன் இல்லாத இடத்துல உட்கார்ந்துகிட்டு நல்லா இருக்குங்கன்னு சொல்றா. நீங்களும் இருக்கீங்களே!"

"அப்ப அங்கேயே ஒரு மெஷின் போட்டு உட்கார்ந்துக்கோங்கக்கா. இங்க எங்களுக்கும் நிம்மதி" என்றாள் வக்கீல், தைத்துக்கொண்டே. கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆகட்டுமுக்கு போன் போட்டு, அந்தப் பெண் பேசினாளா என்று விசாரித்தாள். "பேசுறதென்ன மேடம், ஊருக்கே அனுப்பி வச்சுட்டேன். நீங்க சொன்ன பிறகு மறுக்க முடியுமா?" என்றார் அவர். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியிடம் சொன்னாள், வேன் டிரைவரிடம் சொன்னாள், எதிர்க்கடைக்காரரிடமும் சொன்னாள். ஒரு வார்த்தை சொன்னேன், தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்தாச்சு என்று பூரித்துப்போனாள்.

அந்தப் பூரிப்பிலேயே அவள் மறுபடி ஷெட்டுக்குப் போனாள். புதுப் பட்டையின் சாம்பிளைக் கொடுக்க வேண்டியிருந்தது, நன்றியும் சொல்லிவிடலாமே என்று. ஆகட்டும் போனில் யாருடனோ பேசிக்கொண்டு வெளியே நின்றார். அக்கா உள்ளே போய், கடைசி மெஷினில் இருந்த நரைத்த தலை அம்மாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். "உங்க கூட இருந்த பொண்ணு ஊருக்குப் போயிட்டாளாமே. சந்தோஷம்மா. உங்களுக்கும் ஏதாவது வேணும்னா சொல்லுங்க, நான் பேசுறேன்."

அந்த அம்மா மெஷினை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. சத்தத்துக்கு நடுவே சொன்னாள். "நீ யாருக்காகவும் பேசாத தாயி. அவளுக்காகப் பேசினது போதும்."

"என்ன சொல்றீங்க?"

"அவ எங்கயும் போகல. பின்னால நூல் ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கான். நீ போன அன்னிக்கே அடிச்சான். நாங்க எல்லாரும் பார்க்கணும்னு இங்கயே, இந்த மேசை மேல வச்சு அடிச்சான். சிரி. அவன் பார்க்கிறான், சிரிச்சுட்டுப் போ."

அக்கா சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆகட்டும் வந்தார். சாம்பிளைக் காட்டி மடிப்பு இங்கே, தையல் அங்கே என்று என்னவோ சொன்னாள். அவர் ஆகட்டும் என்றார். உள் கேட்டைத் திறந்து அவளை வெளியே விட்டுவிட்டு, மறுபடி பூட்டினார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டிரைவர் பயந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போகவா என்று கேட்டார்.

தம்பி முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினான். நம்பியதும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. மாடி ஆபீஸில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான்.

"சரி. இனிமே அவர்கிட்ட வாங்க வேண்டாம். சத்தமில்லாம நிறுத்திடலாம். வேற ஆளைப் பிடிக்கிறேன். நாம சுத்தமா இருக்கோம்ல, அது போதும். ஆர்டரும் போகாது."

"நாம விலகிட்டா அவ?"

"அக்கா, நாம பை தைக்கிறவங்க."

"நாம விலகினா அந்தாளு வேற எவனுக்காவது பட்டை தைப்பான். அவ அதே ரூம்லதான் கிடப்பா. என் வாயாலதான்டா அவ அங்க கிடக்கிறா! நான் போய் இளிச்சுட்டுச் சொன்னேன். எனக்காகக் குடுத்துடுங்களேன்னு சொன்னேன்." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வேண்டாம்னு என் கையைப் பிடிச்சா. கூச்சம்னு நினைச்சேனே, பாவி."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "கறுப்பு நூல்ல மாத்தி அடுத்த நாள் காலையில கேட்டேனே, அது ராத்திரியோட ராத்திரியா வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு நான் கேட்கவே இல்லைக்கா. நம்ம கூடத்துல அப்படிச் சொல்லியிருந்தா வக்கீல் என் சட்டையைப் பிடிச்சிருப்பா. அதான் நான் இங்க சொல்லல, அங்க சொன்னேன்."

அக்கா அவனைத் திட்ட வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"நான் இப்பவே போறேன். அவன் சட்டையைப் பிடிச்சு, பூட்டைத் திறடான்னு..."

"போ. நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவளை வேற எங்கயாவது ஏத்திட்டுப் போயிடுவான். மறுபடியும் உன் வாயால."

அது அவளைக் குத்திவிட்டது. குத்த வேண்டும் என்றுதான் அவனும் சொன்னான்.

கடைசியில், இப்படிப் பிடித்து வைக்கப்பட்டவர்களுக்காக இருக்கிற உதவி எண்ணைத் தம்பி தேடிப் பிடித்தான். பேசிய அதிகாரியம்மா நிதானமான குரலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஷெட் எங்கே, எத்தனை வாசல், பூட்டு யாரிடம், நூல் ரூம் எந்தப் பக்கம். பிறகு அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"நாங்க ஆட்களைச் சேர்த்துட்டு வர்றதுக்குக் கொஞ்சம் நாள் ஆகும். அவருக்குச் சொந்தமா வேற இடம் இருக்கான்னும் பார்க்கணும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணே ஒண்ணுதான் செய்யணும்மா."

"சொல்லுங்க. என்ன வேணாலும் செய்றேன். எனக்கு போலீஸ்ல ஒருத்தரைத் தெரியும், அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாதீங்க. அதைத்தான் செய்யணும். எப்பவும் போல ஆர்டர் குடுங்க, எப்பவும் போலச் சிரிங்க. அவசர ஆர்டர் மட்டும் குடுத்துடாதீங்க. அந்தச் சுமை உள்ள இருக்கிறவங்க மேலதான் விழும்."

இதைவிட மலையைத் தூக்கச் சொல்லியிருந்தால் அக்கா தூக்கியிருப்பாள். அந்த நாட்களில் அவள் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். கூடத்தில் எல்லாருக்கும் அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. டீயில் சர்க்கரை இல்லை என்று வக்கீல் சண்டைக்கு இழுத்தாள். அக்கா பேசாமல் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். வக்கீல் பயந்துவிட்டாள்.

"அக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நான் சும்மாத்தான் கத்தினேன்."

"கத்து. நல்லாக் கத்து" என்றாள் அக்கா. "நீங்க எல்லாரும் என்கிட்ட கத்திக்கிட்டே இருங்கடி."

சாப்பிட உட்கார்ந்தால் நூல் ரூம் கண் முன்னால் வந்தது. அதற்கு ஜன்னல் உண்டா? தண்ணீர் கொடுக்கிறானா? அந்தப் பெண் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பாள்? இதற்கெல்லாம் கேட்டு விடை வாங்க ஆளில்லை. எதிர்க்கடைக்காரர் வந்து, அந்தத் தாய், பிள்ளை கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தலைவலி என்று சொல்லி அக்கா உள்ளே போய்விட்டாள்.

ஒரு நாள் காலை அதிகாரியம்மா கூப்பிட்டார். இன்றைக்கு ஷெட்டில் அவர் இருக்கக் கூடாது, சாவியோடு உங்களிடம் வரவழையுங்கள், உள்ளே இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்ற ஆளிருக்காது, பூட்டை நாங்கள் உடைத்துக்கொள்கிறோம் என்றார். தம்பி போன் போட்டான். புது ஆர்டர் விஷயமாகப் பேசணும், நேரில் வாங்க என்றான். ஆகட்டும் என்றார் அவர்.

வந்தார். அதே வெள்ளைச் சட்டை. அக்கா டீயை நீட்டினாள். தம்பி பட்டையின் அகலத்தைப் பற்றிப் பேசினான். அகலத்தைப் பற்றி ஒரு மனுஷனால் எவ்வளவு நேரம் பேச முடியும்? அவன் பேசினான். பேச்சு வற்றியபோது ஆகட்டும் அக்கா பக்கம் திரும்பினார்.

"என்ன மேடம், இன்னிக்கு அமைதியா இருக்கீங்க? அன்னிக்கு அந்தப் பொண்ணுக்காக எவ்வளவு பரிஞ்சு பேசினீங்க! உங்களுக்கு நல்ல மனசு. ஆனா ஒண்ணு, இவங்களுக்கெல்லாம் இடம் குடுத்தா தலையில ஏறிடுவாங்க."

மேசையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு பிஸ்கட் தட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

அவர் எடுத்துக்கொண்டார். பாதி தின்றிருப்பார், அவர் போன் அடித்தது. எதிர்முனையில் ஷெட் காவலாளி கத்துவது மேசைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. மலர்ந்த முகம் முதல் முறையாக வாடியது. எழுந்து வாசலுக்கு ஓடினார். அங்கே போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு போனதும், தம்பி நேராக மாடிக்குப் போய் ஆர்டர் கொடுக்க இருந்த கம்பெனிக்குப் போன் போட்டான். மறைக்கவில்லை. பட்டை எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன நடந்தது, அவசரம் அவசரம் என்று தான் என்ன செய்தேன், எல்லாவற்றையும் சொன்னான். ஆர்டர் போனால் போகட்டும் என்றுதான் சொன்னான், ஆனால் நெற்றியெல்லாம் வியர்வை. அவர்கள் ஆர்டரை ரத்து செய்யவில்லை. பாதியாகக் குறைத்துக்கொண்டு தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். பட்டையை இனி கூடத்திலேயே தைப்பது என்று ஆயிற்று. நல்ல நாளிலேயே சும்மா இருக்காத வக்கீல் அதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுதவே வேண்டாம். பட்டை தைக்க வருகிற எவரிடமும் முதலில் அவர்கள் போன் எங்கே இருக்கிறது என்று கேட்பது அன்றிலிருந்து தம்பியின் வேலை.

மறுநாள் அக்கா, மீட்டவர்களை வைத்திருந்த அரசுக் கட்டடத்துக்குப் போனாள். தம்பியும் கூடப் போனான். நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். நரைத்த தலை அம்மா ஒரு மூலையில் யாருக்கோ தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

புருவத்தில் தழும்புள்ளவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். முன்னைக்கு இப்போது பாதிதான் இருந்தாள். இடது கையில் கட்டு. காதோரம் வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. அக்கா எதிரில் போய் நின்றாள். வழி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அந்தப் பெண் அவள் அழுது முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சமாதானம் சொல்லவில்லை.

"சொல்லாதீங்கன்னு சொன்னேன்லக்கா."

"சொன்ன."

"கையைப் பிடிச்சுச் சொன்னேன்."

"பிடிச்சம்மா."

"உள்ள கிடந்தப்ப அவனைத் திட்டினதைவிட உங்களைத்தான் அதிகமாத் திட்டினேன். அவன் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். நீங்க நல்லவங்களா இருந்தீங்களே." அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்கதான் ஆளுங்களை வரவச்சீங்கன்னு இங்க சொன்னாங்க. அதுவும் நீங்க, இதுவும் நீங்க. நான் என்ன பண்ண? ரெண்டும் என்கிட்ட இருக்கு. இப்பவே ஏதாவது சொல்லுன்னு கேட்காதீங்க."

"கேட்கல" என்றாள் அக்கா.

"உங்க போன் இருக்கா?"

அக்கா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். இங்கே ஆபீஸில் கேட்டால் உடனே பேச விடுவார்களே, ஏன் இன்னும் பேசாமல் இருக்கிறாள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அக்கா கேட்கவில்லை. அந்தப் பெண்ணே சொன்னாள்.

"நேத்து தங்கச்சிகிட்ட பேசினேன். பையன்கிட்ட குடுக்காதன்னு சொல்லிட்டேன். குரல் நடுங்குச்சு, அவன் பயந்துடுவான். இன்னிக்கு நடுங்கல." அவள் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பிறகு நிமிர்ந்தாள். "கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்தில் நின்ற தம்பி, "என்னக்கா சொல்றா?" என்றான்.

கதவு மெல்லிய கதவு. உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் குரல் தெளிவாக வந்தது. "அம்மாடா." கொஞ்சம் இடைவெளி. "இல்லடா, சித்தி விளையாடல. நிஜமாவே அம்மாதான்டா. நீ ஏதாவது கேளு, எனக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது கேட்டுப் பாரு."

அக்கா தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்தக் குரல் கேட்காத தூரத்துக்குப் படியிறங்கிப் போனாள்.